வாடை பார்த்துக் குறித்த பயணம்

மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு நவம்பரில் விமானக் கட்டணம் குறைவாக இருக்கிறது என்று நான் சொன்னபோது, அது எவ்வளவு என்று உம்மா கேட்கவில்லை. “அங்க அந்த நேரத்துல என்ன காத்து வாப்பா?” என்றுதான் கேட்டார்கள். அதற்கு முந்தைய நான்கு இரவுகளும் கட்டணங்களை மட்டுமே ஒப்பிட்டுக்கொண்டிருந்த நான், காற்றைப் பற்றி நினைத்திருக்கவே இல்லை. கீழக்கரையில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். ஒரு வள்ளம் இறங்குவதற்கு முன் எங்கள் கரையில் முதலில் பார்க்கப்படுவது காற்று. ஐஸ் பெட்டியும் டீசலும் ஆள்களும் அதற்குப் பிறகுதான். அந்த ஒழுங்கையே என் முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். எங்களைப் போல முதன்முறையாகப் புறப்படத் திட்டமிடும் யாருக்கேனும் பயன்படும் என்பதற்காகவே, அப்படித் திட்டமிட்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பயணத்தைச் ‘சபுர்’ என்பார்கள். சம்பாதிக்கப் போய்த் திரும்புகிறவர் சபுராளி. தெருவுக்குப் பத்துச் சபுராளிகள் இருக்கும் ஊரில், ஆசிரியர் வேலை கிடைத்து உள்ளூரிலேயே தங்கிவிட்ட நான் ஐம்பது வயதை நெருங்கும் இந்த நாளில்தான் கடவுச்சீட்டை முதன்முதலாகப் பயன்படுத்தப் போகிறேன். உம்மாவுக்கு 68 வயது. அவர்களுடைய வாப்பா, அதாவது என் தாத்தா, 1951இல் நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர். மளிகைக் கடையில் கணக்கெழுதினார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுப்பில் வந்து போனார். 1964இல் நிரந்தரமாகத் திரும்பினார். அவர் வேலை பார்த்த தெருவைப் பார்க்க வேண்டும் என்பது உம்மாவின் வெகுநாள் ஆசை. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகாமல் பினாங்குக்குப் போவதா என்று உறவில் சிலர் கேட்டார்கள். “அது அல்லாஹ் கூப்பிடுற நாளையில நடக்கும், இது என் வாப்பா வீட்டுக்குப் போறது மாதிரி” என்று உம்மா பதில் சொல்லிவிட்டார்கள்.

இனிக் காற்றுக்கு வருகிறேன். இராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு இரண்டு கடல்கள். பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் வடகடல். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வாடை என்னும் வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எழும்பும் மாதங்களில் தென்கடல் சீறும், வடகடல் குளம்போல் இருக்கும். இந்த மாற்றம் தெரிந்தவர்கள் காலத்துக்குத் தக்கபடி ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வலைகளையும் வள்ளங்களையும் மாற்றிக்கொண்டே பிழைத்திருக்கிறார்கள். மலேசியத் தீபகற்பத்தின் வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தபோது, அங்கேயும் இதே ஏற்பாடுதான் இருக்கிறது என்பதைக் கண்டு உண்மையிலேயே மகிழ்ந்தேன். நடுவில் தித்திவாங்சா மலைத்தொடர். கிழக்கே தென்சீனக் கடல். மேற்கே மலாக்கா நீரிணை. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்று, அங்கே நவம்பரிலிருந்து மார்ச் வரை கிழக்குக் கரையை அடிக்கிறது. கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களில் அப்போது வெள்ளம் வருவது வழக்கம். பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் போன்ற கிழக்குக் கரைத் தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் அந்த மாதங்களில் மூடப்பட்டிருக்கும். படத்தில் நீலமாகத் தெரியும் கடலைப் பார்த்து டிசம்பரில் அங்கே போய் நிற்பவர், வாடை நேரத்தில் வடகடலில் வலை போட நினைத்தவருக்கு ஒப்பாவார்.

மேற்குக் கரையின் கணக்கு வேறு. மலைத்தொடர் வாடையை மறித்துக்கொள்கிறது. தென்மேற்குக் காற்றின் பெரும்பகுதியைச் சுமத்ரா தீவு தடுத்துக்கொள்கிறது. ஆகவே பினாங்கு, லங்காவி ஆகியவற்றுக்குப் பெருமழை பருவக்காற்றின் உச்சத்தில் வருவதில்லை. ஒரு காற்று ஓய்ந்து மறு காற்று எழும்புவதற்கு இடைப்பட்ட மாதங்களில்தான் வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறையும், செப்டம்பரிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை இன்னும் கூடுதலாகவும் இடியுடன் மழை கொட்டும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த மழையில் பினாங்கின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. நான் மலிவு என்று பார்த்து வைத்திருந்த தேதிகளும் நவம்பர் முதல் வாரமே! ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வேறொரு தொல்லை உண்டு. சுமத்ராவில் காடும் கரி நிலமும் எரியும் ஆண்டுகளில் புகைமூட்டம் நீரிணையைத் தாண்டி வந்து நகரங்களை மூடிவிடும். 2015இல் அது மிகவும் கடுமையாக இருந்தது. மூச்சிரைப்பு உள்ள முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபோது பினாங்குக்கு மழை மிகக் குறைந்த மாதங்களாக ஜனவரியும் பிப்ரவரியும் மிஞ்சின.

பிறகு பண்டிகைகளைப் பார்த்தோம். 2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1ஆம் தேதி வருகிறது. பினாங்கில் அன்று பொதுவிடுமுறை. வெள்ளி ரதம் ஊர்வலமாகப் போகும், காவடிகளும் கூட்டமும் தெருவை நிறைக்கும். பக்தர்களுக்கு அதைவிடச் சிறந்த நாள் கிடையாது. ஆனால் முழங்கால் வலியுள்ள உம்மாவைக் கையைப் பிடித்து நடத்திச் செல்ல வேண்டிய எனக்கு அது பொருந்தாது. பிப்ரவரி 17 சீனப் புத்தாண்டு. கடைகள் பல அடைத்திருக்கும், விடுதி வாடகை ஏறியிருக்கும், ரயில் சீட்டுகள் முன்கூட்டியே தீர்ந்துவிடும். அதை ஒட்டியே நோன்பும் தொடங்குகிறது. ஆகவே ஜனவரி நடுவில் புறப்பட்டு எட்டு நாளில் திரும்புவது என்று குறித்துக்கொண்டோம். பொங்கல் விடுமுறையை ஒட்டி நான் விடுப்பு எடுக்கவும் அது வசதியாக இருந்தது. நவம்பரைவிடக் கட்டணம் சற்று அதிகம்தான். அந்தக் கூடுதல் பணத்தை நான் வீண் என்று கருதவில்லை.

நான் முதலில் போட்ட திட்டத்தில் கோலாலம்பூர், கெந்திங் மலை, லங்காவி, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய ஐந்தும் இருந்தன. எட்டு நாளில் ஐந்து ஊர் என்றால் ஒவ்வோர் ஊரிலும் பெட்டியைத் திறந்து மூடுவதற்கே நேரம் போய்விடும். முதல் பயணத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் இயல்பானது. மறுபடி போக வாய்க்குமோ என்ற அச்சமும் அதற்குள் இருக்கிறது. ஆனாலும் ஒரு நகரத்தை அதன் தெருப்பெயர்கள் மனத்தில் தங்கும் அளவுக்கு நடந்து பார்ப்பதே மேல் என்பது என் உறுதியான எண்ணம். பினாங்கில் ஐந்து இரவு, போகும்போதும் வரும்போதும் கோலாலம்பூரில் ஒவ்வோர் இரவு என்று குறைத்துவிட்டேன்.

இராமநாதபுரத்திலிருந்து ரயிலில் திருச்சி. திருச்சியிலிருந்து நேரடி விமானத்தில் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். விமான நிலையத்திலிருந்து நகரின் மைய ரயில் நிலையத்துக்கு விரைவு ரயிலில் அரை மணி நேரம் பிடிக்கும். மறுநாள் அங்கிருந்து பினாங்குக்கு விமானத்திலும் போகலாம். நான் வேண்டுமென்றே ரயிலைத் தேர்ந்தெடுத்தேன். நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும் அந்தப் பயணம், தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருக்கும் பட்டர்வொர்த்தில் முடிகிறது. நிலையத்தை ஒட்டியே படகுத்துறை. அங்கிருந்து படகில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன். 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதன் வழியாகக் காரில் போனால் இன்னும் எளிது. ஆனால் உம்மாவின் வாப்பா நாகப்பட்டினத்திலிருந்து ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கிடந்து, நீர்வழியாகத்தான் அந்தத் தீவை முதலில் கண்டார். 1926இல் கட்டப்பட்ட ரஜுலா 1973 வரை ஓடியது. அதன் பிறகு ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985இல் தீ விபத்துக்கு ஆளானதோடு அந்தக் கப்பல் வழி நின்றுவிட்டது. அவர் போன வழியில் முழுவதும் போக இனி முடியாது. கடைசிக் கால் மணி நேரமாவது அவர் கண்ட திசையிலிருந்து உம்மா அந்த ஊரைக் காணட்டும் என்று நினைத்தேன்.

பயணத்தில் என்னை மிகவும் அலைக்கழித்தது பெயர். நம் பக்கத்தில் தலைப்பெழுத்தும் பெயரும்தான் உண்டு, குடும்பப்பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை விரித்துத்தான் எழுத வேண்டும். அல்லது குடும்பப்பெயர் என்ற இடத்தை வெற்றிடமாக விட்டு, இட்ட பெயரை மட்டும் போட வேண்டும். உம்மாவின் ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், குடும்ப அட்டையில் வேறொன்று, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது ஒன்று. முதலில் இவற்றை ஒன்றாக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. பழைய தலைமுறையினரில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்காது. அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு மட்டுமே அது கட்டாயம். மற்றவர்கள் பிறந்த தேதி உள்ள வேறு ஆவணங்களைக் காட்டலாம். உம்மாவுக்கு நிரந்தரக் கணக்கு எண் (பான்) அட்டை கைகொடுத்தது. 36 பக்கக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். 60 வயதைக் கடந்தவர்களுக்கு அதில் 10 விழுக்காடு தள்ளுபடி உண்டு.

இராமநாதபுரம் மாவட்டம் மதுரை மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் எல்லைக்குள் வருவதால், உம்மாவை மதுரைக்கு அழைத்துச் சென்றேன். கைரேகை எடுக்கும் இடத்தில் அவர்களுடைய விரல்கள் கருவியில் பதியவே இல்லை. ஐம்பது ஆண்டு அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் தேங்காய்த் துருவியிலும் தேய்ந்த விரல்கள் அவை. ரேகைகள் கண்ணுக்கே மங்கலாகத்தான் தெரிகின்றன. மேசையில் இருந்த இளம்பெண் எழுந்து வந்து, ஈரத் துணியால் ஒவ்வொரு விரலையும் துடைத்து, கண்ணாடியின் மேல் வைத்துத் தன் கையால் மெல்ல அழுத்திப் பிடித்தார். நான்காவது முறை பச்சை விளக்கு எரிந்தது. “தேஞ்சு போச்சும்மா” என்று உம்மா மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார்கள். “எங்க அம்மாவுக்கும் இப்படித்தாம்மா” என்றார் அந்தப் பெண். முதியவர்களை அழைத்துச் செல்வோர் முந்தைய நாளிலிருந்தே அவர்களுடைய கைகளில் தேங்காயெண்ணெய் தடவி வைத்திருப்பது நல்லது என்று அப்போது கற்றுக்கொண்டேன்.

இவ்வளவு கவனமாகப் பெயரைச் சரிசெய்த பிறகும் விமானச் சீட்டில் பிழை வந்தது. அவசரத்தில் ஒரு முகவரிடம் கொடுத்துச் சீட்டுப் போட்டேன். கடவுச்சீட்டில் இல்லாத தலைப்பெழுத்தை உம்மாவின் குடும்பப்பெயராக அவர் சேர்த்துவிட்டார். திருத்துவதற்குக் கட்டணமும் கட்டி, மூன்று வாரம் தொலைபேசியில் மன்றாடவும் வேண்டியிருந்தது. யாரிடம் கொடுத்தாலும், கடவுச்சீட்டின் கீழே இரண்டு வரியில் அச்சாகியிருக்கும் எழுத்துகளோடு சீட்டில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்த பின்பே பணம் கொடுங்கள்.

விசா விஷயம் இப்போது எளிது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் மலேசியாவுக்குச் சுற்றுலாவாகச் சென்று 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். திரும்பும் சீட்டு, தங்குமிட முன்பதிவு, கைச்செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் குடிநுழைவு அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். மின்னணு வருகை அட்டை ஒன்றைப் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இது முற்றிலும் இலவசம். அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்கள் இதற்குப் பணம் பறிக்கின்றன. மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்துக்கே நேரடியாகச் செல்லுங்கள். உம்மா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்று குறிக்கப்படும் என்பதால் முதலில் அஞ்சினேன். 50 வயதைக் கடந்தவர்களுக்கு அது கிடையாது. சுற்றுலா செல்பவர்களுக்கு அந்த அனுமதி தேவையும் இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கே அது பொருந்தும்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லாமல் நகர என்னால் முடியவில்லை. விசா வேண்டாத வசதியைக் காட்டி, “டூரிஸ்டா உள்ள போயிரு, அங்க போய் வேலை மாத்திக்கலாம்” என்று ஆசை காட்டும் தரகர்கள் கடற்கரை ஊர்களில் நடமாடுகிறார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மர், கம்போடியா, லாவோஸ் நாடுகளின் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைபட்டு, அரசுகள் தலையிட்டு மீட்க வேண்டியிருந்தது அண்மைக் கால வரலாறு. என்னிடம் படித்த பிள்ளைகளின் முகங்கள் நினைவில் இருப்பதால் இதை மிகுந்த வேதனையோடு எழுதுகிறேன். வேலைக்குப் போவதானால் அதற்குரிய விசாவோடு, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுபெற்ற முகவர் வழியாக மட்டுமே போக வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு ரிங்கிட் இப்போது 20 ரூபாய்க்கு மேல். பாதியை ரொக்கமாகவும் பாதியை வங்கியின் பயண அட்டையிலும் வைத்துக்கொள்கிறோம். கடையில் அட்டையைத் தேய்க்கும்போது ரூபாயில் கழிக்கவா, ரிங்கிட்டில் கழிக்கவா என்று கருவி கேட்டால் ரிங்கிட்டைத்தான் தெரிவு செய்ய வேண்டும். ரூபாயைத் தெரிவு செய்தால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் போய்விடும். வெளிநாட்டவர்களிடம் விடுதிகள் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்கும். முன்பதிவுத் தளத்தில் காட்டப்படும் வாடகையில் பெரும்பாலும் அது சேர்ந்திருக்காது.

உம்மாவிடம் அவர்களுடைய வாப்பா அனுப்பிய கடிதங்களில் ஏழு மிஞ்சியிருக்கின்றன. மெல்லிய நீலத் தாளில் எழுதி, அதையே உறையாக மடித்து ஒட்டும் விமானக் கடிதங்கள். மடிப்பு விழுந்த இடங்களில் தாள் கிழிந்திருந்தாலும், அனுப்புநர் முகவரியில் கடை எண்ணும் ‘மார்க்கெட் ஸ்திரீட், பினாங்கு’ என்பதும் தெளிவாகத் தெரிகின்றன. அந்தப் பெயரை இணைய வரைபடத்தில் தேடிய முதல் இரவு குழம்பிப்போனேன். பிறகுதான் தெரிந்தது, நகரத்தின் ஆங்கிலத் தெருப்பெயர்கள் மலாயில் மாறியிருக்கின்றன. மார்க்கெட் ஸ்திரீட் இப்போது ‘லெபு பாசார்’. சூலியா ஸ்திரீட் ‘லெபு சூலியா’வாக இருக்கிறது. சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து போன நம் முஸ்லிம்களுக்கு அங்கே வழங்கிய பெயர். அந்தப் பகுதிதான் இன்றைய லிட்டில் இந்தியா. நடக்கும் தூரத்துக்குள் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. தமிழ் முஸ்லிம் தலைவராக இருந்த காதர் முகைதீன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவியது. அருகிலேயே நாகூர் தர்காவின் நினைவாக எழுப்பப்பட்ட தர்காவும், 1833இல் கட்டப்பட்ட மாரியம்மன் கோயிலும் இருக்கின்றன. 2008இல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலக மரபுரிமை இடமாக அறிவித்ததால், பழைய கடைவீடுகள் பல இடிபடாமல் நிற்கின்றன. அந்தக் கடை எண்ணுக்குரிய கட்டடமும் நிற்கிறது. தெருக்காட்சிப் படத்தில் அதன் மேல்மாடிச் சன்னல்களைப் பெரிதாக்கிக் காட்டினேன். உம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். “மேலதான் படுத்துக்குவோம்னு எழுதியிருக்காக” என்றார்கள்.

மொழியைப் பற்றி அச்சம் வேண்டியதில்லை. 500க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ள நாடு அது. மலாயில் கலந்திருக்கும் தமிழ்ச் சொற்களை நான் ஒரு தாளில் எழுதி உம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். கடைக்குக் ‘கெடாய்’, கப்பலுக்குக் ‘கப்பால்’, பெட்டிக்குப் ‘பெத்தி’, கட்டிலுக்குக் ‘காத்தில்’, மாம்பழத்துக்கு ‘மெம்பெலாம்’, கோயிலுக்குக் ‘கூயில்’, வணிகத்தில் போடும் முதலுக்கு ‘மொடால்’. அவற்றோடு சேர்த்து அவர்களே சில சொற்களைத் தம் வாப்பாவிடமிருந்து நினைவு வைத்திருந்தார்கள்; ‘மக்கான்’ என்றால் சாப்பாடு, ‘ஆயர்’ என்றால் தண்ணீர். வீட்டில் இருப்பவர்கள் உடுத்தும் கைலிக்கு அங்கே ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். பெலிக்காட் என்பது நம் பழவேற்காடு.

சர்க்கரை நோய் உள்ள உம்மாவுக்கு உணவுத் திட்டம் தனியாக வேண்டியிருந்தது. பினாங்கின் பேர்பெற்ற நாசி கண்டார், நம்மவர்கள் உண்டாக்கிய சாப்பாடு. நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் காவடிபோல் சுமக்கும் கம்பு. கம்பின் ஒரு முனையில் சோறும் மறு முனையில் கறியும் தொங்க, துறைமுகத் தொழிலாளர்களுக்குத் தமிழ் முஸ்லிம்கள் நடந்து விற்றதிலிருந்து அந்தப் பெயர் வந்தது. பல குழம்புகளைக் கலந்து சோற்றின்மேல் ஊற்றித் தருவார்கள்; சோற்றைக் குறைத்து மீனையும் வெண்டைக்காயையும் கூடுதலாகக் கேட்டுக்கொள்ளலாம். தேநீரில்தான் ஆபத்து. இழுத்து ஆற்றித் தரும் ‘தே தாரிக்’கில் இனிப்பான கெட்டிப்பால் சேர்ந்திருக்கும். பாலும் சர்க்கரையும் இல்லாமல் வேண்டுமானால் ‘தே ஓ கொசோங்’ என்று சொல்ல வேண்டும். இந்த மூன்று சொல்லையும் உம்மா இப்போதே மனப்பாடம் செய்துவிட்டார்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசிமாவும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டும் எங்கள் ஊர்த் தொதலை அங்கே ‘டோடோல்’ என்று விற்கிறார்கள். ஒட்டரிசி மாவில் செய்வது. இரண்டையும் ஒரு தட்டில் வைத்துச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கால் கிலோ தொதல் கட்டிக்கொண்டு போகிறோம். உம்மா சீலாக் கருவாடும் எடுத்து வைத்திருந்தார்கள். மீன், இறைச்சி, செடி, விதை போன்றவை அந்நாட்டின் தொற்றுத்தடுப்பு விதிகளுக்கு உட்பட்டவை என்பதால் அதை வேண்டாம் என்று சொல்லிப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கச் செய்தேன்.

சிறிய ஏற்பாடுகளில் சில. மாத்திரைகள் எட்டு நாளுக்கு அல்ல, பதினைந்து நாளுக்கு. மருத்துவர் சீட்டோடு கைப்பையிலேயே இருக்க வேண்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோய்களையும் மறைக்காமல் எழுதினேன். மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் பயனில்லாமல் போகும். சக்கர நாற்காலி உதவியை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுப் பதிந்துவிட்டேன். அங்கே மின்செருகிக்கு மூன்று செவ்வகக் கால்கள் வேண்டும். துபாயிலும் அதே வகைதான் என்பதால் மச்சானின் பெட்டியிலிருந்தே ஒன்று கிடைத்துவிட்டது. டெங்கு உள்ள நாடு, ஆகவே கொசு விரட்டும் களிம்பு வேண்டும். வெப்பம் நமக்குப் பழகியதுதான். ஆண்டு முழுவதும் 24 முதல் 32 பாகை.

பழக வேண்டியது நேரம். மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. ஆனால் சூரியன் அந்தக் கடிகாரத்துக்கு இணங்க எழுவதில்லை. பினாங்கில் ஜனவரியில் காலை 7 மணிக்குப் பிறகே விடிகிறது, மாலை 7 மணிக்குப் பிறகே மஃரிப் என்னும் அந்தித் தொழுகை. விடியாமலேயே கடிகாரம் ஆறு காட்டுவதைக் கண்டு சுபுஹு என்னும் அதிகாலைத் தொழுகை தவறிவிட்டதோ என்று உம்மா பதறக் கூடாது என்பதற்காக, ஐந்து நாள் தொழுகை நேரங்களையும் பெரிய எழுத்தில் எழுதி அவர்களுடைய கைப்பையில் வைத்திருக்கிறேன்.

நேற்று மாலை தென்கடல் கரைக்கு நடந்து போயிருந்தோம். வானம் வடக்கே கறுத்திருந்தது; முதல் வாடை தலைத்துணியை இழுத்தது. கரையில் கட்டியிருந்த வள்ளங்கள் அசையாமல் கிடந்தன. “வாடை எறங்கிருச்சு. தை பொறக்குறதுக்குள்ள அங்கயும் தெளிஞ்சிரும்ல?” என்று உம்மா கேட்டார்கள். தெளிந்துவிடும் என்றேன். வீட்டுக்கு வந்ததும் ஏழு கடிதங்களையும் ஒரு நெகிழி உறையில் போட்டு, அதை மாத்திரைப் பைக்கு அடியில் தாமே வைத்து, பையின் வாயை இறுக்கினார்கள்.